செருப்போடு விட்டு வந்த சுடுதண்ணிப் போத்தல்

என் மகன் சாகக் கிடந்தான். அவன் வீடு ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில். என் வீடு குரோருட்டில். பேருந்தில் கால் மணித்தியாலம் கூட இல்லை. பதினேழு நாள் நான் போகவில்லை. கால் ஏலாமல் இல்லை. பனி கொட்டியதால் இல்லை. வீம்பால் போகவில்லை.

இதை மறைத்து, எனக்குக் கிடைத்த அருளை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்யாகிவிடும். பொய் சொல்லி நான் பட்டது போதும்.

எங்கள் கோவில் மலரில் அடியார்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். நோய் மாறினது, விசா கிடைத்தது, பத்து வருடம் கழித்துப் பிள்ளை பிறந்தது என்று. என்னுடையதில் நோய் மாறவில்லை. முதலே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் வேண்டுதல் கேட்கப்பட்டது. எப்படி என்று பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்கு ஒரே மகன். பெயர் ரவி. நாட்டில் பிரச்சினை தொடங்கின காலத்தில் நோர்வேக்கு வந்தவன். மீன் வெட்டினான், ஆஸ்பத்திரி துடைத்தான், பிறகு ஒஸ்லோவில் பேருந்து ஓட்டினான். அவன் அப்பா இறந்த பிறகு என்னையும் கூப்பிட்டு எடுத்தான். நான் வந்த அடுத்த வருடம் கலியாணம் செய்தான். பெண்ணின் பெயர் சுகந்தி. இங்கேயே கண்டு, கதைத்து, விரும்பிச் செய்தது. நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பது இல்லை. உங்கள் ஊரில் எந்தப் பக்கம், யாருடைய ஆக்கள் என்றுதான் கேட்டேன். அவள் மறைக்காமல் சொன்னாள். எங்கள் வீட்டார் அவளுடைய ஆக்களின் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கலியாணத்தை நான் தடுக்கவில்லை. தடுத்தால் மகன் போய்விடுவான் என்று தெரியும். வேறு வழி கண்டுபிடித்தேன். ஒரு பச்சை நிறச் சுடுதண்ணிப் போத்தல் வாங்கினேன். வீட்டில் தேத்தண்ணீர் போட்டு அதில் ஊற்றி, இரண்டு பிஸ்கட்டைத் தாளில் சுற்றி, மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கைப்பையில் கொண்டு போனேன். கேட்டால் சீனி வருத்தம், டொக்டர் வெளியில் வாய் நனைக்க வேண்டாம் என்றவர் என்பேன். எனக்கு நீரிழிவு இல்லை. இன்றைக்கும் இல்லை.

இந்த நாட்டில் அது ஒருவர் கண்ணுக்கும் பிழையாகப் படவில்லை. நோர்வேக்காரர் மலையேறப் போனாலும் வேலைக்குப் போனாலும் சுடுதண்ணிப் போத்தலும் சாப்பாட்டுப் பொதியும் கொண்டுதானே போவார்கள். “அம்மா நல்ல நோர்வேக்காரியாகிவிட்டா” என்று ரவி பகிடி பண்ணுவான். சுகந்தி சிரிக்கமாட்டாள். அவளுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. விளங்கினதைப் புருசனிடம் சொல்லாமல் எட்டு வருடம் வைத்திருந்தாள். அதை நான் அவளுடைய பயம் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, இலை கொட்டுகிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் மேசையில் என் போத்தலைத் திறந்தேன். பேத்தி மீராவுக்கு அப்போது ஏழு வயது.

“அப்பம்மா, நீங்கள் ஏன் ஒரு நாளும் எங்கட தேத்தண்ணி குடிக்கிறேல்லை?”

நான் வாய் திறக்க முதல் சுகந்தி சொன்னாள்: “அப்பம்மாவுக்குச் சீனி வருத்தமெல்லோ குஞ்சு.”

“அப்ப சீனி போடாமக் குடுங்கோவன்.”

 ரவி என்னைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாசில் தண்ணீர் பிடித்து வந்து என் முன்னால் வைத்தான்.

“அம்மா, தண்ணியிலை சீனி இல்லை. குடியுங்கோ.”

“பிறகு குடிக்கிறன் தம்பி.”

“இப்பக் குடியுங்கோ.”

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கிளாசின் வெளிப்பக்கம் வியர்த்து வழிந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் எழும்பிக் குளிர் கோட்டைப் போட்டேன். வாசலில் வைத்து மகன் சொன்னான், சத்தம் போடாமல்: “இனி அந்தப் போத்தலோட இந்த வாசலுக்கு வராதேங்கோ அம்மா.”

நானும் போகவில்லை. அவனே வருவான் என்று இருந்தேன். என் பிள்ளைதானே, எத்தனை நாளைக்கு இருப்பான் என்று இருந்தேன்.

தை மாதம் கோவிலில் ஒரு பிள்ளை என்னிடம் ஓடி வந்து, “மாமி, ரவி அண்ணைக்கு எப்பிடி? மருந்து ஏத்தத் துடங்கிட்டினமோ?” என்று கேட்டாள். என்ன மருந்து, எதற்கு என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் விடவில்லை. “ஓம் பிள்ளை, துடங்கிட்டினம்” என்றேன். பெற்ற பிள்ளையின் நோயை ஊராரிடம் கேட்டு அறிந்தவள் என்று பேர் எடுக்கக் கூடாதாம். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தொலைபேசி எடுத்தேன். சுகந்திதான் கதைத்தாள்.

“வயித்திலை புற்றுநோய் மாமி. ஈரலுக்கும் போட்டுதாம். மருந்து ஏத்திப் பாத்தவை, நிப்பாட்டிட்டினம். வீட்டை கொண்டந்திட்டம்.”

“நான் வரட்டோ?”

“கேட்டுச் சொல்லுறன்.”

அவள் உள்ளே போய் வரும் மட்டும் நான் நின்றேன். திரும்பி வந்து சொன்னாள்: “வரட்டாம். ஆனா எங்கட வீட்டிலை ஒரு வாய் சாப்பிட்டிட்டுத்தான் அவரிட்டை வரலாமாம். இல்லாட்டி வேண்டாமாம்.” பிறகு மெல்ல, “நான் சொல்லிக் குடுக்கேல்லை மாமி. அவர்தான்” என்றாள்.

அங்கே தொடங்கினது அந்தப் பதினேழு நாள். ஒவ்வொரு நாளும் கோட்டுப் போட்டேன். பேருந்துத் தரிப்பு மட்டும் போனேன். அந்த வழிப் பேருந்தைத்தான் என் மகன் ஓட்டினவன். அது வந்து நின்று கதவு திறக்கும். ஓட்டுகிற இடத்தில் வேறு ஒரு மனிதன் இருப்பான். கதவு மூடும். நான் வீட்டுக்குத் திரும்புவேன்.

கோவிலில் தேங்காய் உடைத்தேன். விரதம் இருந்தேன். என் மகனைக் காப்பாற்று, அவன் பிடிவாதத்தை மாற்று என்று மன்றாடினேன். அழுகை வந்தது. பிரார்த்தனை வரவில்லை. சுவருக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

பதினாறாம் நாள் பிறஷர் குளிசைக்காக டொக்டரிடம் போய்க் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஒரு பஞ்சாபிக் கிழவி. முக்காடு போட்டு, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். “வாஹேகுரு, வாஹேகுரு.” அது அவர்கள் கடவுளைக் கூப்பிடுகிற பெயர். சிறிது நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து என்னை அதிசயமாகப் பார்த்தாள். ஏனென்றால் என் வாயும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தேழு வருடம் நான் மூடி வைத்திருந்த ஒன்றை இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். என் புருசனுக்கும் சொல்லாதது.

நான் பிறந்தது மலாயாவில், ஈப்போவில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து போய் ரயில்வேயில் கிளாக்கர் வேலை பார்த்தவர். எனக்கு நாலு வயதில் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டா. யப்பான்காரன் வந்தான். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம். அந்த மனிதர் ரயில்வேக் காவலாளி, நாலு மாடும் வைத்திருந்தார். அவருடைய மனைவி என்னை ஒருவரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்தாள். பீஜி என்று கூப்பிட்டேன். அவர்கள் பாசையில் அம்மா. பதினொரு வயது மட்டும் அவள்தான் என் அம்மா. நான் முதல் சொன்ன பிரார்த்தனை அவள் சொல்லித் தந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால்தான் தமிழ் எழுத்து எனக்கு இன்றைக்கும் சண்டை பிடிக்கிறது.

கடவுளுக்கு முகம் இல்லை, அதனால் எந்த முகத்தையும் வேண்டாம் என்று சொல்லாதே என்பாள் பீஜி. உழைத்துச் சாப்பிட வேண்டும், பிரித்துச் சாப்பிட வேண்டும், அவன் பெயரைச் சொல்ல வேண்டும், பொய் சொன்ன வாயோடு அவன் பெயரைச் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் அவளுடைய வேதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய கோவிலான குருத்வாராவில் எனக்கு ஒரு வேலை தந்திருந்தாள். வாசலில் கழற்றி விட்ட செருப்புகளைத் துணியால் துடைத்து அடுக்குவது. யாருடைய செருப்பு என்று கேட்கக் கூடாது.

கும்பிட்ட பிறகு எல்லோரும் நிலத்தில் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் பட்டணத்துத் தெரு கூட்டுகிற தமிழன் ஒருவன் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான். எங்கள் ஆக்களில் ஒரு மனுசி எனக்குக் கண்ணைக் காட்டினா. நான் கொஞ்சம் தள்ளி இருந்தேன். பீஜி ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப இருத்திவிட்டுப் போனாள். அவன் தோள் என் தோளில் முட்டினது.

பெரியப்பா வந்து என்னைக் கப்பலில் யாழ்ப்பாணம் கூட்டிப் போனார். பெரியம்மா முதல் நாளே சொல்லிவிட்டா: “பஞ்சாபிகாரன் வீட்டிலை வளந்ததெண்டு வாய் திறந்தியோ, உன்னை ஆரும் கட்டமாட்டான்.” திறக்கவில்லை. மறைக்க ஒன்று இருந்ததால் மற்றவர்களை விட இறுக்கமாக நடந்தேன். யார் முற்றத்தோடு நிற்க வேண்டும், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று என்னைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் செய்வார்கள். அந்தப் பேர் எனக்கு நகை மாதிரி இருந்தது.

டொக்டரிடம் போன மறுநாள் கழித்து ஞாயிறு. அந்தக் கிழவி சொன்ன வழியில் ஒஸ்லோவில் உள்ள குருத்வாராவுக்குப் போனேன். கைப்பையில் என் போத்தலும் வந்தது. பழக்கம். சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர். போத்தலைக் கண்டுவிட்டு, உள்ளே தேத்தண்ணீர் இருக்கிறது, இதை ஏன் சுமக்கிறீர்கள், இங்கேயே விடுங்கள் என்று பஞ்சாபியில் சொன்னார். என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

உள்ளே போய் நெற்றி நிலத்தில் பட விழுந்தேன். எழும்ப முடியவில்லை. பீஜி சொல்லித் தந்த சொற்கள் ஒன்றொன்றாக வந்தன. சில மறந்துபோயிருந்தன. மறந்த இடத்தில் அழுதேன். மகனைக் காப்பாற்று என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. “அவன் கதவு திறந்துதான் கிடக்குது. என்ரை வாயைத் திறந்துவிடு.” அதைத்தான் கேட்டேன். அதை மட்டும்.

பிரசாதம் கொண்டு வந்தார்கள். கோதுமை மாவும் நெய்யும் சீனியும் சேர்த்துக் கிண்டின சூடான களி. என் இரண்டு கையும் தானாகச் சேர்ந்து குவிந்தன. கை மறக்கவில்லை. பிறகு கீழே போய் வரிசையில் இருந்தேன். ஒரு பக்கம் தாடிக்காரர். மற்றப் பக்கம் துப்புரவு வேலைச் சட்டையோடு ஒரு ஆப்பிரிக்கப் பெண். பொங்கி வரும் பெரிய சட்டியிலிருந்து பருப்பு ஊற்றினார்கள். யார் சமைத்தது? எந்த ஆக்கள்? நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன். அவளுடைய தோள் என் தோளில் முட்டினது.

பேருந்துத் தரிப்புக்கு வந்த பிறகுதான் கைப்பை பாரமில்லாமல் இருப்பது தெரிந்தது. போத்தலை மறந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுக்க நினைத்தேன். பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன். மறதி என்று நீங்கள் சொல்லலாம். எட்டு வருடம் மறக்காத ஒன்றை அன்றைக்கு ஏன் மறந்தேன்? என் கையிலிருந்து அதை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

குரோருட்டில் இறங்கவில்லை. நேரே ஹவுகன்ஸ்டுவா.

சுகந்தி கதவைத் திறந்தாள். மெலிந்து, தலை வாரி இழுக்காமல் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

“போத்தல் எங்கை மாமி? உடைஞ்சு போச்சோ?”

“செருப்போட விட்டிட்டு வந்திட்டன்.”

“என்ன?”

“பிறகு சொல்லுறன். தண்ணி தா பிள்ளை.”

அவள் உடனே போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். “மாமி, அவருக்காகக் குடிக்கிறதெண்டால் வேண்டாம். எட்டு வருசம் நீங்கள் போன பிறகு அந்த மேசையைத் துடைச்சது நான். உங்கட தேத்தண்ணிச் சொட்டை. என்ரை வீட்டிலை சிந்தலாம், என்ரை வீட்டிலை குடிக்கேலாது என்ன?”

 “ஓம்” என்றேன். “பிழைதான். எல்லாம் தெரிஞ்சுகொண்டு செய்த பிழை. தண்ணி தா.”

கிளாஸ் வந்தது. நான் இரண்டு கையையும் குவித்து, காலையில் பிரசாதம் வாங்கின மாதிரி வாங்கினேன். அப்போதுதான் அவள் அழுதாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமாக. நான் முழுவதையும் குடித்தேன். பிறகு குசினி மேசையில் இருத்திப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுத் தந்தாள். சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் அறைக்குள் போனேன்.

கட்டிலில் கிடந்தது என் மகனா என்று ஒரு கணம் நின்றேன். கண் மட்டும்தான் அவனுடையது.

“சாப்பிட்டீங்களோ?”

“ஓம்.”

“என்ன?”

“புட்டும் கத்தரிக்காயும்.”

“உப்புக் காணுமோ?”

“கொஞ்சம் கூடத்தான்.”

சிரித்தான். “அப்ப உண்மையாத்தான் சாப்பிட்டிருக்கிறீங்கள்.”

அதற்குப் பிறகு எங்களுக்கு ஐந்து கிழமை கிடைத்தது. நான் குரோருட்டுக்குத் திரும்பவில்லை. அவனுக்குப் பீஜியைப் பற்றிச் சொன்னேன். மாடுகள், ரொட்டிக் கூடை, செருப்பு எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“ஏன் அம்மா இதை ஒளிச்சனீங்கள்?”

“கலியாணம் நடக்காதெண்டு.”

“அது நடந்து அம்பது வருசமாச்சே.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “மற்ற ஆக்கள் தெரியாமச் செய்யினம். நீங்கள் தெரிஞ்சுகொண்டு செய்தனீங்கள். அதுதான் அம்மா எனக்கு நோகுது.”

சாகப் போகிறவன் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அவனை நான் நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை, பீஜி வளர்த்திருக்கிறாள், என் கையால்.

பங்குனி மாதம், ஒரு காலை. வெளியே பனி உருகிக் கூரையால் ஒழுகுகிற சத்தம். சுகந்தி கரண்டியில் தண்ணீர் கொண்டு வந்து தான் ஒரு சொட்டு விட்டாள். பிறகு கரண்டியை என் கையில் தந்தாள். அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான் என் பிள்ளை குடித்த கடைசித் தண்ணீர். நான் கொடுத்தேன். அந்தப் பதினேழு நாளையும் சேர்த்து எனக்கு ஏழரைக் கிழமை கிடைத்திருக்கலாம். அந்த நாட்களை ஒரு கடவுளும் திருப்பித் தரமாட்டார். நான் கேட்கவும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. வீடு நிறையச் சனம். திராமன் பட்டினத்திலிருந்து என் மச்சாளும் வந்தா. சுகந்தி தட்டில் தேத்தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். மச்சாள் கையால் தடுத்துவிட்டுச் சொன்னா: “வேண்டாம் பிள்ளை. எனக்குச் சீனி வருத்தம், வெளியிலை வாய் நனைக்கிறேல்லை.”

சொல் மாறாமல் என்னுடைய பொய். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

நான் மச்சாளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். தோளோடு தோள் முட்ட இருந்தேன். “எனக்கும் எட்டு வருசம் அதே வருத்தம் இருந்தது மச்சாள்” என்றேன். “மருந்தில்லாமல் மாறிட்டுது. ஆனா என்ரை பிள்ளையைத் தின்னப் பாத்திட்டுத்தான் போனது.” தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அவ பார்க்கக் குடித்தேன். மச்சாள் குடிக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டா. அவவைப் பேச எனக்கு வாய் இல்லை. நானும் அப்படித்தானே ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

இது சைவக் கோவில் மலர், குருத்வாராக் கதை எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நான் இன்றைக்கும் விபூதி பூசுகிறேன். வெள்ளிக்கிழமை உங்களோடுதான் கும்பிடுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய்ச் செருப்புத் துடைத்து அடுக்குகிறேன். எனக்கு இதில் இரண்டு கடவுள் இல்லை. நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: கடவுளிடம் எதைக் கேட்டாலும் முதலில் எங்களிடம் இருக்கிற பொய்யை வாசலில் கழற்றி வைக்க வேண்டும். அதைக் கழற்றக் கூட எனக்குப் பலம் இருக்கவில்லை. கேட்டேன். அவர் கழற்றினார். நீங்களும் கேளுங்கள். பெரியதாக ஒன்றும் கேட்க வேண்டாம். உங்களால் முடியாத அந்தச் சின்ன விசயத்தைக் கேளுங்கள்.

போத்தல் திரும்பக் கிடைத்தது. அந்தியேட்டி முடிந்து போனபோது, தாடிக்காரப் பெரியவர் அதைக் கழுவித் துடைத்துச் செருப்புத் தட்டின் மேல் வைத்திருந்தார். இப்போது சுகந்தி வீட்டில்தான் நானும் இருக்கிறேன், அதுவும் இருக்கிறது. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். மேசை துடைத்த கதையை மட்டும் எழுதமாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிய அந்தப் பச்சைப் போத்தலோடு கோவில் வாசலில் இருப்பேன். உள்ளே இருப்பது சுகந்தி போட்ட தேத்தண்ணீர். கோப்பைகளும் கொண்டு வருவேன். சீனி போடவில்லை.